அணை மட்டம் போடறீங்க, கெணத்து மட்டமும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

தினமும் காலைல உங்க பேப்பரப் பிரிச்சா நான் மொதல்ல தேடறது மேட்டூர் அணை மட்டந்தான், 120 அடில இன்னிக்கு எத்தன அடி நிக்குது, வரத்து எவ்வளவு, கையிருப்பு எத்தன டிஎம்சின்னு. இத்தனைக்கும் எங்களுக்கு மேட்டூர் பாசனம் கெடையாதுங்க, நாங்க அன்னூர் பக்கம், கெணத்தையும் போரையும் நம்பி பண்ணையம் பாக்கறவங்க. ஆனா எங்க தோட்டத்துக்கு அடியில தண்ணி எங்க நிக்குதுன்னு எந்தப் பேப்பர்லயும் வர்றதில்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

2016ல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் கொறஞ்சு போச்சு, 440 மில்லிமீட்டர் பேஞ்சிருக்க வேண்டியது 168தான் பேஞ்சுது, 2017 ஜனவரி 10ல எல்லா மாவட்டமும் வறட்சின்னு அரசாங்கம் அறிவிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த வருசம் நடந்ததத்தான் மறந்துட்டோம். 2017 வடகிழக்கு மழை ஸ்டேட் சராசரில 9 சதவீதந்தான் கம்மி, வானிலைக் கணக்குல 19 சதவீதம் வரைக்கும் கொறஞ்சாலும் அது நார்மல்தான், அதனால வறட்சி முடிஞ்சுதுன்னு பேசிட்டாங்க. ஒரு ஆபீஸ்ல போய் தென்னை மட்டையெல்லாம் தொங்கிருச்சுங்கன்னு சொன்னா, "அதான் மழை நார்மல் ஆயிருச்சேப்பா"ன்னு பதில் வருது. அன்னிக்கு எங்க கெணத்துக்குள்ள ஆடு எறக்கி மேய்க்கலாம், அப்படிக் கெடந்துச்சு.

வறட்சிங்கறது ஒரே நாள்ல வந்து ஒரே நாள்ல போறது இல்லைங்க. மொதல்ல வானத்துல வருது, அப்பறம் மண்ணுல, அப்பறம் ஓடையில ஆத்துல, கடசியாத்தான் கெணத்துக்கு எறங்குது. போறப்பவும் அதே வரிசைதான். ரெண்டு மழைல சோளத்தட்டு பச்ச கட்டிரும், பாக்கறவங்க ஊரு செழிச்சுருச்சும்பாங்க, கெணறு எந்திரிக்க வருசக்கணக்காகும்.

ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. எங்களுது பாறை பூமி. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழைன்னு வெச்சா அதுல பத்துல ஒரு பங்கு, 60 மில்லிமீட்டர், கீழ எறங்குனா பெரிய விசயம். இந்தப் பாறைல நூத்துல ரெண்டு பங்கு எடத்துலதான் தண்ணி நிக்கும்னு வெச்சுக்கிட்டா அந்த 60 மில்லிமீட்டர் மட்டத்த 3 மீட்டர், அதாவது 10 அடி ஏத்தும். ஏறறது 10 அடின்னா, ஊரே மோட்டார் போட்டு ஒரு கோடைல எறக்கறது அதுக்கு மேல போயிருது. மழை கம்மியான வருசத்துல ஏத்தம் கொறையுது, அதே வருசத்துல நாம எறைக்கறது கூடுது, ஏன்னா மேல இருந்து பேயல. ஃப்ரீ கரண்ட்ல நானும்தாங்க எறைக்கறேன், அதையும் சேத்துத்தான் சொல்றேன்.

எங்க கெணறு 80 அடி. எங்கய்யன் வருசா வருசம் சித்திரை ஒண்ணாந்தேதி தண்ணி நிக்கற எடத்துல செவத்துல வெள்ள பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வருசத்த எழுதி வெப்பாரு. படில எறங்கிப் போனா அந்தக் கோடெல்லாம் இன்னும் இருக்குது, பழைய கோடுக மேல கைக்கு எட்டற மாதிரி இருக்கும், 2003, 2004 எல்லாம் நல்லா கீழ, பாசி கூட புடிக்காத பாறைல. 2017க்கு கோடே இல்ல, தண்ணி இருந்தாத்தானே போடறது. அந்த வருசந்தான் போர் போடற திருச்செங்கோட்டு வண்டி வந்து ராத்திரி பூரா ஓட்டி வெறும் புகையா வந்துச்சு, ஆயிரம் அடி. மறுபடியும் கெணத்துல கோடு போட முடிஞ்சது 2021 வடகிழக்கு மழை 59 சதவீதம் கூடப் பேஞ்ச பொறகுதான். அப்ப மழைக் கணக்குல ஒரு வருச வறட்சி, எங்க கெணத்துக் கணக்குல அஞ்சு வருசம்.

மத்திய அரசோட 2016 வறட்சிக் கையேட்டுல நிலத்தடி நீர், ஆத்து ஓட்டம், அணை கையிருப்பு எல்லாமே பாக்கச் சொல்லித்தான் இருக்குது. ஆனா மொதப் படி மழைதான், மழை கொறஞ்சுதுன்னு அதுல தெரிஞ்சாத்தான் மத்தத எடுத்துப் பாப்பாங்க. மழை நார்மல்னு ஆயிட்டா கெணறு காஞ்சது யார் கண்ணுக்கும் தெரியாது. இது மாறணுங்க.

ஆத்துக்கும் இதே கததான். மழை நின்னு மாசக்கணக்கானப்பறம் ஆத்துல ஓடறது நிலத்துக்கு அடியிலருந்து ஊறி வர்ற தண்ணி, கெணத்து மட்டம் ஆத்துக்குக் கீழ போயிட்டா ஊத்தும் நின்னுரும். ஆத்து வறட்சிய அளக்கறதுக்கு ஒரு நல்ல முறை இருக்குது, இருவது முப்பது வருசத்து தினசரி ஓட்டத்த எடுத்து, நூறு நாள்ல எம்பது நாள் எந்த அளவுக்குக் கொறையாம ஓடுச்சுன்னு ஒரு கோடு கிழிச்சுக்கணும், அதுக்குக் கீழ போற ஒவ்வொரு நாளையும் எண்ணணும், எவ்வளவு கொறஞ்சுதுன்னு கூட்டணும். ஆனா அதுக்கு தெனமும் அளந்த கணக்கு வேணுமே. கர்நாடகத்துலருந்து காவிரி உள்ள வர்ற பிலிகுண்டுலுல, காவிரி வழக்கு இருக்கறதால ஒவ்வொரு கனஅடியும் அளக்கறோம். நொய்யலுக்கு யாரு இருக்கா? கோடைல அதுல தண்ணி ஓடுதேன்னு யாராச்சும் சொன்னா கிட்டப் போய்ப் பாருங்க, கோயமுத்தூர்ல திருப்பூர்ல இருந்து வர்ற சாக்கடைதான் முக்காவாசி. அத ஆத்து ஓட்டம்னு எழுதுனா வறட்சியே இல்லாத ஆறுன்னு ஆயிரும்.

கெணத்து மட்டம் அளக்கறாங்க, இல்லைன்னு சொல்லல. குடிநீர் வடிகால் வாரியம் மாசாமாசம் அளக்குது, மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருசத்துக்கு நாலு தடவ. ஆனா அது மாவட்ட சராசரியா வெப்சைட்ல எங்கியோ கெடக்குது. சராசரில ஒரு பெரிய ஓட்டையும் இருக்குது: காஞ்சு போன கெணத்துக்கு மட்டம் எழுத முடியாது, அதனால அது கணக்குலருந்தே விழுந்துருச்சுன்னா, தண்ணி இருக்கற கெணத்த மட்டும் வெச்சு போடற சராசரில தண்ணி ஏறுன மாதிரி தெரியும். அதனால எத்தன கெணறு காஞ்சுதுங்கறதத் தனியா எழுதியே ஆகணும். அதே மாதிரி மோட்டார் ஓடறப்ப அளந்தா அது மட்டமே இல்ல, விடியக்காத்தால, மோட்டார் போடறதுக்கு முன்னாடி அளக்கணும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லைங்க. மாசத்துக்கு ஒரு நாள், மாவட்டப் பக்கத்துல, பிர்கா (சில ஊரு சேந்த வருவாய்ப் பகுதி) வாரியா இந்த மாசம் தண்ணி எத்தன அடில, போன வருசம் இதே மாசம் எத்தன அடில, பத்து வருச சராசரி என்ன, காஞ்ச கெணறு எத்தன, இந்த நாலு மட்டும் போடுங்க. 'தரைமட்டத்துக்குக் கீழ 12 மீட்டர்'னு போட்டா நம்பர் கூடக்கூட தண்ணி ஏறுதுன்னு பாதிப் பேரு நெனச்சுக்குவாங்க, அதனால "தண்ணி 40 அடில நிக்குது, போன வருசத்த விட 6 அடி எறங்கிருச்சு"ன்னு நம்ம பேச்சுலயே போடுங்க. மேட்டூர் மட்டம் போடற பெட்டிக்குக் கீழ ரெண்டு இஞ்சு எடம் போதும்.

அய்யன் போன பொறகு கோடு போடறது நாந்தான், இப்ப சித்திரைக்கு மட்டுமில்லாம மாசாமாசம் ஒண்ணாந்தேதி கயிறு விட்டு அளந்து காலண்டர் தாள்ல எழுதி வெக்கறேன். 2021லருந்து எல்லாத் தாளும் இருக்குது, வேணும்னா போட்டோ எடுத்து அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
அன்னூர் பக்கம்