நோராவை மறுபடியும் திரையிடுங்கள்

மதிப்பிற்குரிய திரைப்பட விழாக் குழுவினருக்கு,

வணக்கம். மெக்சிகோ படமான ‘சின்கோ தியாஸ் சின் நோரா’ காட்சியில் நடந்தது உங்களுக்கே தெரியும். படத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விட்டது. சப்டைட்டில் இரண்டு வரியாக வந்தபோதெல்லாம் கீழ்வரி தெரியவில்லை, கடைசிவரை. எழுந்து போய்ச் சொன்னோம். “அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்க சார்” என்றார்கள்.

அட்ஜஸ்ட் செய்து பார்க்கக்கூடிய படமா இது? மரியானா செனில்லோ 2008இல் எடுத்த இந்தப் படத்தில் நோரா தொடக்கத்திலேயே தற்கொலை செய்துகொள்கிறாள். அதற்கு முன் பாஸ்கா என்ற யூதப் பண்டிகையின் விருந்துக்கு வேண்டியதையெல்லாம் ஃபிரிட்ஜில் அடுக்கி, எதை என்ன செய்ய வேண்டும் என்று சீட்டும் எழுதி வைத்துவிடுகிறாள். பண்டிகையும் ஓய்வுநாளும் அடுத்தடுத்து வருவதால் உடனே அடக்கம் செய்ய வழியில்லை. எப்போதோ விவாகரத்தான கணவர் ஹோசே அந்த உடலோடு காத்துக்கிடக்கிறார். செத்துப்போனவள் அந்த வீட்டை நடத்துவதே அந்தச் சீட்டுகளால்தான். அவற்றை எங்களால் முழுசாகப் படிக்க முடியவில்லை.

ஹோசே பன்றி இறைச்சி போட்ட பீட்சா வரவழைத்து ரபியிடம் (யூத மதகுருவிடம்) நீட்டும் இடம் இன்னும் மோசம். புளித்த மாவு பாஸ்கா சமயத்தில் யூத வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. பன்றி இறைச்சி என்றைக்குமே ஆகாது. வசனம் பாதி போனதால் ரபி ஏன் அதிர்ந்துபோகிறார் என்று பலருக்கும் புரியவில்லை. சிரிக்க வந்த கூட்டம் பேசாமல் உட்கார்ந்திருந்தது. தற்கொலை செய்துகொண்டவளை இடுகாட்டில் எங்கே புதைப்பது என்ற வாக்குவாதமும் அப்படியே போனது. படத்தின் வலி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஆகவே இந்தப் படத்தை முழுத் திரையில், முழு சப்டைட்டிலோடு மறுபடியும் காட்ட வேண்டும்.

தொடக்க விழாவில் பொன்னாடைக்கும் பேச்சுக்கும் மணிக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. படத்தை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா? சின்ன முதலீட்டில் எடுத்த வெளிநாட்டுப் படம் என்றால் கேட்க ஆளில்லை என்ற நினைப்புதான் எங்களுக்குக் கோபம் தருகிறது. மெக்சிகோவின் ஏரியல் விருதில் சிறந்த படமாகத் தேர்வான படம் இது. விருதே வாங்காவிட்டாலும் இப்படிக் காட்டுவது தப்பு.

சரி, கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விழா முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. காலை 9 மணிக் காட்சியானாலும், சின்ன அரங்கமானாலும் வருகிறோம். தயவுசெய்து நோராவை மறுபடியும் திரையிடுங்கள். நேரத்தை நாளைக்குள் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால் வெளியூரிலிருந்து வந்தவர்களும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்படிக்கு,
விழாவுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்