அக்காவுக்கு, அந்த முறுக்கு விஷயமா

அக்கா,

நாளையோட பசங்க உன் வீட்ட விட்டுப் போயி ஒரு வருஷம். போன் பண்ணா "சாப்டியா"ன்னு ஆரம்பிச்சு பேச்ச மாத்திடுவ, அதான் இங்க எழுதுறேன். சித்தி வீட்டு ஆளுங்கள்லாம் இத படிப்பாங்கன்னு தெரியும், அதனால சில எடத்த தாண்டிப் போயிடுவேன், உனக்குப் புரியும். ஃபாஸ்டர் கேர்ல, அதாவது பெத்தவங்களால பாத்துக்க முடியாத பசங்கள கொஞ்ச நாள் வீட்ல வச்சு வளக்குற ஏற்பாட்டுல, உன்கிட்ட இருந்த பசங்க பேரும் போடல. பேர், போட்டோ எதுவும் வெளிய போகக்கூடாதுன்னு ரூல்னு எனக்கு அப்புறம்தான் தெரியும், அப்ப செம கோவம், மாமன்காரன் நானே ஸ்மைலி ஒட்டுன முகத்தத்தான் குரூப்ல பாக்கணுமான்னு.

நேத்து நைட்டு 'இன்ஸ்டன்ட் ஃபேமிலி' படத்த மறுபடி பாத்தேன், ஒரு ஜோடி ஃபாஸ்டர் கேர்ல மூணு பசங்கள எடுத்து வளக்குற கதை. 2018 தேங்க்ஸ்கிவிங்குக்கு உன் வீட்டுக்கு வந்தப்ப அத்தானோட சேந்து தியேட்டர்ல பாத்தோமே. அந்த ஹுவான் பையன் எதுக்கெடுத்தாலும் சாரி சாரிம்பானே, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். குட்டிப் பொண்ணு லீட்டா சிப்ஸ் தவிர எதையும் தின்னமாட்டேன்னு கத்துறதுக்கும்தான். நீ சிரிக்கல. டைரக்டர் ஷான் ஆண்டர்ஸே நெஜமா மூணு பசங்கள தத்தெடுத்தவராம்னு கார்ல வரும்போது சொன்ன, அவ்ளோதான். நீங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடியே ஃபாஸ்டர் கேர் க்ளாஸ்ல பேர் குடுத்துட்டீங்கன்னு எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியணும், அதுவும் ரெண்டு மாசம் கழிச்சு.

சரி, முறுக்கு.

பெரியவனோட தலகாணி உறைக்குள்ள பதினோரு முறுக்கு. கட்டில் கால்ல எறும்பு சாரசாரையா ஏறுச்சு, அத வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். அம்மா பார்சல்ல அனுப்புனது, பாதி நொறுங்கி, உறை பூரா எண்ணெய்க் கறை. "என்னடா திருட்டுப் பழக்கம்"னு கத்துனேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனா அந்தக் கொரல் தெரிஞ்சிருக்கு. சொவத்தோட ஒட்டி நின்னு சாரி சாரின்னு, நான் வாய மூடுனதுக்கு அப்புறமும் சொல்லிக்கிட்டே இருந்தான். ஆறு வயசு. நீ வந்த, என்னைய ஒரு வார்த்த கேக்கல, உறைய உருவி உதறுன, நீல மூடி டப்பா ஒண்ணு எடுத்துட்டு வந்து புதுசா முறுக்கு போட்டு அவன் கட்டில் பக்கத்துல வச்சு, இது உன்னோடது, எப்ப வேணா எடுத்துக்கோ, தீந்தா நான் நெறப்புவேன்ன. அடுத்த வேள சோறு வரும்னு நம்பிக்க இல்லாத பசங்க இப்படித்தான் ஒளிச்சு வைக்கும்னு க்ளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்களாம், நைட்டு பாத்திரம் கழுவுறப்ப என் மூஞ்சிய பாக்காமயே சொன்ன. எனக்கு யாரும் க்ளாஸ் எடுக்கலியே அக்கா. சாக்கு சொல்லல. சரி, சாக்குதான் சொல்றேன்.

படத்துல பசங்கள திரும்பக் கூட்டிட்டுப் போக வேண்டிய அன்னிக்கு பெத்த அம்மா கார்லா வரவே மாட்டா. அப்புறம் தத்தெடுக்க கோர்ட், ஜட்ஜோட சேந்து போட்டோ, பக்கத்து சீட் பாட்டி மூக்க சிந்துனாங்க. உன் வீட்ல பசங்கள பெத்தவங்க வந்தாங்க, அந்தம்மா. சொன்ன நேரத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடியே. பெத்தவங்ககிட்ட திருப்பி சேக்கத்தான் ஃபாஸ்டர் கேர்னு நீ நூறு தடவ சொல்லிருக்க, தெரியும், நல்ல விஷயம்தான், ஆனா அவங்க வரக்கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டேன், இத இங்க எழுதலாமான்னு தெரியல, எழுதிட்டேன்.

அதவிட ஒண்ணு. அன்னிக்கு நான் வர்றேன்னு சொன்னேன், டிக்கெட்டே பாத்துட்டேன், வேணாம்னுட்ட. முறுக்குக்காகவா? பதினாலு மாசம் என்னையும் அதுங்க மாமான்னுதான் கூப்டுச்சு. நீயும் அத்தானும் மட்டும் பொட்டி கட்டி, நீங்க மட்டும் வாசல்ல நின்னு, எல்லாத்தையும் உங்களுக்கே வச்சுக்கிட்டீங்க. எனக்கு சாயங்காலம் "கெளம்பிட்டாங்க"ன்னு ஒரே ஒரு வார்த்த.

அந்த நீல மூடி டப்பா அவனோட போச்சா, இல்ல அங்கயே இருக்கா? ஒரு வருஷமா கேக்கணும்னு. நாளைக்குப் போன எடுக்கலன்னாலும் பரவால்ல, இதுக்கு மட்டும் மெசேஜ் பண்ணு.