ஆச்சி இருக்கும்போதே எடுக்க வேண்டிய படம்: அம்பாசமுத்திரத்து ஸ்டுடியோக்காரத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடி அலுத்துவிட்டது, இனிமேல் மனதுக்குப் பிடித்த படம்தான் எடுப்பேன், கடையையே அதற்கேற்றபடி மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல முடிவு. ஆனால் அடுத்த வரியிலேயே காசி, ராஜஸ்தான், லடாக் என்று ஊர்ப் பட்டியல் போட்டுவிட்டீர்கள். அந்த இடத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் தேடுகிற முகம் உங்கள் கடைக்குப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து போகிறவரின் வீட்டுத் திண்ணையில், பாட்டியாக, நம் பேச்சில் ஆச்சியாக, உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால் உங்கள் கடைக்கு எதைக் கொண்டுவருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆதார் அட்டை. இல்லையென்றால் பேத்தி கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்த முகம். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 12-க்கு 18 அங்குலமாக அடித்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. நல்ல அச்சுக்கு 300 வேண்டும். அதிலும் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் கேட்கவே வேண்டாம். பிறகு பின்னணியில் நீலத்தை ஊற்றி, இன்னொருவர் சட்டையை ஒட்டி, கண்ணைக் கூராக்கி, பதினாறாம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் முப்பது நாற்பது வருஷம் தொங்கப் போகிற படம் அது. கல்யாண ஆல்பத்தை வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் அதிகம். தினமும் கண்ணில் படுகிற இந்தப் படத்துக்குத்தான் யாரும் ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. உங்கள் புது வேலையை இதில் தொடங்குங்கள்.

இதற்காகத்தான் எடுக்கிறோம் என்று எந்த வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அறுபதாம் கல்யாணம் இருக்கிறது, எண்பதில் சதாபிஷேகம் இருக்கிறது. நம் பக்கத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய வாய்ப்பு பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்கு என்று மூன்று தலைமுறையும் ஊர் வந்து சேருகிற நாள் அது. ஆனால் கோயிலில் வைத்து எடுக்காதீர்கள். பொங்கல் புகை ஒரு பக்கம், நீலத் தார்ப்பாய் பந்தல் ஒரு பக்கம். அந்த நீலம் முகத்தில் விழுந்துவிட்டால் எந்தத் திருத்தத்திலும் முழுசாகப் போகாது. கோயிலில் பேசி முடித்துவிட்டு, மறுநாள் காலை வீட்டுக்குப் போங்கள்.

கல்யாண ஆர்டரை ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம், பாஸ்போர்ட் கவுண்டரை மூடவே வேண்டாம். கடை வாடகை அதில்தான் வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் எப்படியும் முகூர்த்தம் இல்லை. பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்கள் போக, முதல் வருஷம் அந்த இரண்டு மாதத்தை மட்டும் இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் எட்டு வீடு போதும்.

இனி வெளிச்சம். வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் உருவப்படத்துக்கு உகந்தது, அதில் நேர் வெயில் விழாது என்று எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. நம் திருநெல்வேலிச் சீமை பூமத்திய ரேகைக்கு வடக்கே 8.7 டிகிரியில்தான் இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சி வெயிலே நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். ஆனி மாதத்தில் சூரியன் உதிப்பது நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி. அதனால் ஆனி, ஆடியில் காலை ஏழு எட்டு மணிக்கு வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே வந்து ஆச்சியின் பாதி முகத்தைச் சுட்டுவிடும். அந்த மாதங்களில் தெற்குப் பார்த்த தார்சா, அதாவது முன் தாழ்வாரம், நல்லது. மார்கழியில் இது அப்படியே திரும்பும். வடக்கு வாசல் நாள் முழுக்க நிம்மதி. ஆகவே எடுப்பதற்கு முந்தின நாள் ஒருமுறை வெறுங்கையோடு போய், நீங்கள் எடுக்கப் போகிற அதே நேரத்தில் எந்த வாசலில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். சாயங்காலமும் எடுக்கலாம். ஆனால் உங்கள் ஊருக்கு மேற்கே மலை நிற்பதால் கைப்பேசி காட்டுகிற அஸ்தமன நேரத்தை நம்ப வேண்டாம். வெயில் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். இறங்கிய பிறகு கிடைக்கும் அரைமணி நேரம் அருமையான வெளிச்சம்.

ஆச்சியை நிலைவாசலுக்கு உள்ளே மூன்றடி தள்ளி, வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்வாக உட்கார வையுங்கள். பிளாஸ்டிக் சேர் வேண்டாம். அதில் உடம்பு உள்ளே அமிழ்ந்து தோள் ஏறிவிடும், சிவப்பு சேராக இருந்தால் தாடையில் சிவப்பு அடிக்கும். மர ஸ்டூல் அல்லது பெஞ்சு போதும். முதுகுக்குப் பின்னால் ஐந்தாறு அடி இடம் விடுங்கள். பட்டாசலின், அதாவது கூடத்தின், சுவர் பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தால் நிழல் பக்கக் கன்னத்தில் அந்த நிறம் ஏறும். அங்கே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நிறமும் போகும், முகத்துக்கு ஆழமும் வரும். நிழல் மிக அடர்த்தியாக இருந்தால் கறுப்புக்குப் பதில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டுங்கள், இல்லை ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். டியூப்லைட், எல்இடி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு அது கலந்தால் முகத்தில் இரண்டு நிறம் வந்துவிடும். கண்ணில் புரை அறுவை செய்தவர்கள் சிலருக்கு ஃபிளாஷ் கூசும். இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

லென்ஸ் 85 மி.மீ. இருந்தால் நல்லது. சின்ன சென்சார் கேமரா என்றால் உங்களிடம் இருக்கிற 50 மி.மீ. போதும். லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8-ல் அகலத் திறந்து பின்னணியை உருக்குகிற கல்யாணப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். 85 மி.மீ.-ல் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எஃப் 1.8-ல் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான். முகம் லேசாகத் திரும்பியிருந்தாலே ஒரு கண் தெளியும், மறு கண் மங்கும்.

ஆச்சி காது வளர்த்துப் பாம்படம் என்கிற கனத்த தங்க நகை போட்டவர் என்று வையுங்கள். பாம்படம் போட்ட காதுகள் இப்போது அரிதாகிக்கொண்டே வருகின்றன. பலர் அதைக் கழற்றிக் காதையும் தைத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால் அந்தக் காது மங்கிப்போகக் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் ஆழ வித்தியாசம் இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வையுங்கள். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் பன்னிரண்டு பதின்மூன்று சென்டிமீட்டர் வரை கிடைக்கும், காது உள்ளே வந்துவிடும். ஷட்டர் வேகம் 125-க்கு, அதாவது நொடியில் 125-ல் ஒரு பங்குக்கு, கீழே போக வேண்டாம், வயதானவர்கள் அசையாமல் இருக்கிறோம் என்று நினைத்தாலும் தலை மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். சென்சாரின் ஒளி உணர்வைக் காட்டுகிற ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும். அச்சில் புள்ளி தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம், அசைவைப் பொறுக்க முடியாது. பாம்படத்தின் வழவழப்பான முகங்களில் எதிரே இருப்பதெல்லாம் பிரதிபலிக்கும். உங்கள் சட்டை உட்பட. வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் தங்கத்தில் ஒரு மென்மையான வெளிச்சம் நிற்கும், கட்டம் போட்ட சட்டை என்றால் கட்டமே தெரியும்.

வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகமும் இருண்ட பட்டாசலும் அதற்கு முன்னால் வந்தால் வெளிச்சத்தை ஏற்றிவிடும். தோல் வெளிறும், திருநீறும் வேட்டியும் விவரமில்லாமல் வெந்துவிடும். இரண்டு கிளிக், அதாவது மூன்றில் இரண்டு ஸ்டாப், குறைத்து எடுங்கள். வேட்டியின் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரிந்தால் தோல் சரியாக இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளுப்பாக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆல்பத்துக்காக ஊரையே மாவு பூசின மாதிரி ஆக்கிப் பழகிவிட்டோம். அந்த மனுஷி வெயிலில் நடவு நட்டுக் கறுத்தவர். அவர் நிறத்தை எடுத்துவிட்டால் படத்தில் இருப்பது வேறு யாரோ.

இதற்கு நேர் எதிரான தவறு புகைப்படப் போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்களுடையது. சுருக்கத்தை எல்லாம் கிளாரிட்டி ஏற்றி வாய்க்கால் மாதிரி ஆழமாக்கி, கறுப்பு வெள்ளையில் ‘முதுமை’ என்று பெயர் வைத்து அனுப்புவார்கள். எடுக்கப்பட்டவருக்குத் தன் படம் எங்கே போனது என்றுகூடத் தெரியாது. பீடி சுற்றுகிற அக்காவை எடுத்தாலும், காருகுறிச்சியில் பானை வனைகிறவரை எடுத்தாலும், கேட்டு எடுங்கள், எங்கெல்லாம் காட்டுவேன் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். பீடிக்காரர்கள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் இருக்கிற சொளகே, அதாவது முறமே, கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விரல் ஓட்டம் உறைய வேண்டுமென்றால் ஷட்டர் 250-க்கு மேல் வையுங்கள்.

எடுக்கும் நேரத்தில் பெரிய தொந்தரவு வீட்டார்தான். எல்லாரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று ‘சிரி ஆச்சி’, ‘நிமிந்து உக்காரு ஆச்சி’ என்பார்கள். ஆச்சியின் கண் நாலாபக்கமும் ஓடும், சிரிப்பு பல்லில் மட்டும் வரும். தன்மையாகப் பேசி எல்லாரையும் புறவாசலுக்கு அனுப்பிவிடுங்கள், ஒரே ஒரு ஆள் இருக்கட்டும். சிரிக்கச் சொல்லாதீர்கள். கார் பருவச் சாகுபடி எப்படி, பிசானப் பருவத்துக்குத் தண்ணீர் வந்ததா, பிறந்த ஊர் எது என்று கேளுங்கள். பதில் சொல்லி முடித்துவிட்டு வாயை மூடுகிற அந்த ஒரு நொடியில் முகம் தானாக அடங்கி நிற்கும். கேமரா அவர் கண் உயரத்தில், ஸ்டாண்டில் இருக்கட்டும். எப்போதும் மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள். கண்ணாடியின் காதுப்பிடியைப் பின்னால் ஒரு விரல் உயர்த்தினால் ஜன்னல் பிரதிபலிப்பு கீழே இறங்கிவிடும். மின்விசிறியை நிறுத்தினால் வேர்க்கும். பவுடர் அடிக்காமல் துண்டால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

பின்னணித் துணிக்கு ஏன் ஆன்லைனில் தேடுகிறீர்கள்? மாலி நாட்டில் பமாக்கோ நகரத்தில் 1948-ல் ஸ்டுடியோ திறந்த சேய்து கேய்ட்டா தன் படுக்கை விரிப்பைத்தான் பின்னால் கட்டினார். காசு கொடுத்துப் படமெடுக்க வந்த ஊர் ஜனங்களைத்தான் பகல் வெளிச்சத்தில் எடுத்தார். அந்தப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. பூவேலை இல்லாத சாதாரணக் கோரைப்பாய், அதன் பழுப்பு நம் தோல் நிறத்துக்கு அவ்வளவு பொருத்தம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மெல்லிய பின்னலில் டிஜிட்டல் சென்சார் அலை அலையாக வண்ணக் கோடு போடும். பாயை ஆளிடமிருந்து ஐந்தடி பின்னால் தள்ளினால் போய்விடும், போகாவிட்டால் நீங்கள் ஓரடி முன்னே பின்னே நகருங்கள். ஒரு பாயின் அகலம் ஒருவருக்குத்தான் காணும். இரண்டு பேர் என்றால் சுவரே மேல்.

விலைக்கு வருகிறேன். சும்மா எடுத்துக் கொடுக்காதீர்கள். சும்மா வந்த படம் பீரோவுக்குள் போய்விடும், சுவருக்கு வராது. முன்கூட்டிப் போய்ப் பார்க்க ஒரு மணி, எடுக்க இரண்டு, தேர்ந்தெடுக்க ஒன்று, திருத்த இரண்டு, அச்சுக்கும் பிரேமுக்கும் அலைந்து கொண்டுபோய் மாட்ட இரண்டு. எட்டு மணி நேரம் ஆகிறது. ஒரு பேச்சுக்கு மணிக்கு 500 என்றால் 4,000. பிரிண்டும் பிரேமும் 2,500, கேமரா தேய்மானம், டிஸ்க், பெட்ரோல் 1,000. மொத்தம் 7,500. இதற்குள் ஒரே ஒரு படம், மாட்டிக் கொடுப்பதோடு சேர்த்து. நாற்பது படம் தருகிறேன் என்று வாயை விடாதீர்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள். முழு அளவு ஃபைலையும் பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள். உங்கள் டிஸ்க் போனாலும் அந்த வீட்டில் ஒன்று இருக்கும்.

பாதி உழைப்பு பாழாவது பிரேம் கடையில். படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, பின்னால் சாதா அட்டையை வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் படம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், அட்டையின் அமிலம் நாளடைவில் தாளை மஞ்சளாக்கும். அமிலமில்லாத மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்டிப் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள். பிரேமின் பின்புறத்தைத் தாள் நாடாவால் அடைத்தால் பூச்சி ஏறாது. அச்சு, பருத்தித் தாளில் பிக்மென்ட் மை. கறுப்பு வெள்ளையை ஆல்பம் அடிக்கிற லேபில் கொடுத்தால் கலர் தாளில்தான் வரும், லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கும். பிரிண்ட் எப்போதும் இருட்டாகவே வருகிறது என்றால் உங்கள் மானிட்டர் வெளிச்சம் அதிகம். அதைக் குறைத்து வைத்து, முதலில் 4-க்கு 6-ல் ஒன்று அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய படத்தை யாராவது கொண்டுவந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துக் கண்ணாடியோடேயே நகல் எடுங்கள்.

மாட்டும்போது மேற்கு வெயில் விழுகிற சுவரைத் தவிர்த்துவிடுங்கள். மாட்டுவதற்கு முன்னால் பிரிண்டின் பின்புறம், ஓரமாக, மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். எடுத்த தேதி, ஊர், உங்கள் பெயர். ஆச்சிக்கு இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் பெயரையும் பிறந்த ஊரையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். பேரப்பிள்ளைகளில் பலருக்கு ஆச்சியின் பெயர் அப்போதுதான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்