தாழ்த்திய காரில் புறப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தம்பி நேற்று வேறு ஏதோ படத்தைக் காட்டத் தேடியபோது உன் காரின் படம் வந்துவிட்டது. அவன் அவசரமாகத் தள்ளிவிடப் பார்த்தான். நான்தான் கைபேசியை வாங்கிக்கொண்டேன். முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே முன்பெல்லாம் என் நான்கு விரல்கள் தாராளமாக நுழையும். இப்போது இரண்டு நுழைந்தாலே அதிகம் என்று படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. துருவிக் கேட்ட பிறகுதான், காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தியிருக்கிறாய் என்பதையும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து உயரத்தை மாற்றக்கூடிய காயிலோவர் செட் வாங்கி நீயே உன் கையால் மாட்டினாய் என்பதையும், வருகிற சனிக்கிழமை அதே காரில் 900 கிலோமீட்டர் போகப்போகிறாய் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்மாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் போடாமல் முழு செட்டாக மாற்றினாயே, அது எனக்குப் பெரிய ஆறுதல். வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இடம் மாறவும் செய்யும். அதைத் தெரிந்துகொண்டு செலவைப் பார்க்காமல் செய்திருக்கிறாய். என் மகள் தனியாகக் காரைத் தூக்கி நிறுத்தி நான்கு பக்கமும் கழற்றி மாட்டினாள் என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதே மகள் அதை அடுத்தவன் கைபேசியிலிருந்து நான் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டாளே என்பதும் கூடவே வந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டுகளை எந்த நிலையில் இறுக்கினாய்? கார் ஜாக்கியின் மேல், சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே முழுவதும் இறுக்கியிருந்தால், அந்த மூட்டில் உள்ள ரப்பர் புஷ் தொங்கிய நிலையிலேயே பிடிபட்டிருக்கும். காரைத் தரையில் இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் அளவுக்கு மேல் திருகப்பட்டுச் சீக்கிரமே கிழிந்துவிடும். காரின் எடை முழுவதும் சக்கரங்களில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்திருக்கவில்லை என்றால், சனிக்கிழமைக்கு முன்பே காரைச் சரிவுப் பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்தி, நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனிக் கையேட்டில் உள்ள அளவுக்கு மீண்டும் இறுக்கு. கை உணர்வை நம்பாதே. களைத்த கைக்கு எல்லாமே இறுகிவிட்டது போலத்தான் தோன்றும்.

ஸ்பிரிங் புதிது என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் இன்னும் சில மில்லிமீட்டர் அமரும். ஆகவே அமரும் முன்பே வீல் அலைன்மென்ட் பார்த்தால் வீண் என்று நினைத்து அதைத் தள்ளிப்போட்டிருப்பாய். நானும் உன் வயதில் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் 900 கிலோமீட்டரை அலைன்மென்ட் பார்க்காத காரில் போகக் கூடாது. கார் தாழ்ந்தால் சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாயும். அதைவிட முக்கியமாக, டோ அளவு, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறிவிடும்; டயரைத் தின்பது பெரும்பாலும் அதுதான். தேய்வது உள்விளிம்பு என்பதால் வெளியே நின்று பார்க்கும் கண்ணுக்கு டயர் புதிதாகவே இருக்கும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துவைத்து, உள்பக்கமாகக் கையைவிட்டுத் தடவினால்தான் தெரியும். போகும் முன் ஒரு முறை பார். திரும்பி வந்ததும் இன்னொரு முறை பார். இரண்டு முறை பணம் கொடுப்பது வீண்செலவு அல்ல.

யார் யாரெல்லாம் உடன் வருகிறார்கள் என்று தம்பி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு பேரும் அவர்களது மூட்டைகளும் என்றால் ஒன்றைக் கவனி. நீ தனியாக ஓட்டிப் பார்த்த கார் வேறு, அன்றைக்குப் புறப்படப்போகும் கார் வேறு. தாழ்த்திய காரில் ஸ்பிரிங் அமுங்குவதற்கான இடம் ஏற்கெனவே குறைவு. சுமை அதிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால், வளைவில் ஒரு மேடு வந்த கணத்தில் அமுங்கலைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பில் முட்டிவிடும். அதுவரை இளகிக்கொடுத்த பக்கம் திடீரென்று கட்டைபோல் விறைத்துப்போகும். அந்த நேரத்தில்தான் டயர் பிடியை விடும். எனவே வெள்ளிக்கிழமையே எல்லாச் சுமையையும் ஏற்றி, எல்லோரையும் உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிடு. பின்பக்கம் அமுங்கியிருந்தால் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்; அதையும் இறக்கிவிடு. டயர்க் காற்றை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போதே, சுமைக்கான அளவுக்கு வைத்துக்கொள்.

ஜாக்கியை மறந்துவிடாதே. டயர் பஞ்சராகித் தாழ்ந்த கார் இன்னும் தாழ்ந்து நிற்கும்போது, காரோடு வந்த ஜாக்கி அடியில் நுழையாமல் போகலாம். வீட்டு வாசலிலேயே ஒரு டயரின் காற்றை இறக்கி, நுழைகிறதா என்று முயன்று பார். நுழையவில்லை என்றால் தாழ்வான ஜாக்கி ஒன்றை வாங்கிக்கொள்; சக்கரத்தை ஏற்றி நிறுத்த ஒரு தடித்த பலகையையும் பின்னால் போட்டுக்கொள். வேகத்தடைகளில் காரை மெதுவாக, சற்றுக் குறுக்காக ஏற்று. அடியில் ஏதாவது பலமாகத் தட்டினால் உடனே நிறுத்தி, இன்ஜின் ஆயில் தேங்கும் சம்ப்பின் கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பிறகு போ. விறைப்பான ஸ்பிரிங் சாலையின் ஒவ்வொரு தட்டையும் முதுகுக்கு அனுப்பும் என்பதால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைப்பு வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நட.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் 100 கிலோமீட்டரில் நிறுத்தி, சக்கர நட்டுகளையும், லோயர் ஆர்ம் போல்ட்டுகளையும், காயிலோவரின் உயரத்தைப் பிடித்துவைக்கும் பூட்டு வளையங்களையும் மீண்டும் இறுக்கிப் பார். முன்பே எழுதிவிட்டேன் என்பது தெரியும். மீண்டும் எழுதுகிறேன், மீண்டும் இறுக்கு.

இதை இத்தனை முறை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் உனக்கும் தெரியும் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக எனக்குப் பயம்.

அந்த மலைப்பாதைப் பயணத்தின்போது நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தாய். டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் இறங்கியது என்றுதான் உறவினர் எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். டயர் வெடிக்கவில்லை. அதற்கு முந்தைய இரவு முன் ஸ்பிரிங்குகளை நானேதான் மாற்றினேன். முடியும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. இடப்பக்க லோயர் ஆர்ம் போல்ட்டைக் கையால் முறுக்கி வைத்துவிட்டு, காரை இறக்கிய பிறகு முழுதாக இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இறக்கினேன், ஆனால் இறுக்க மறந்துவிட்டேன். மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பின்சீட்டிலிருந்து நீதான் சொன்னாய், ‘அப்பா, கீழே ஏதோ தட்டுகிறது’ என்று. ஒரு முறை அல்ல, இரண்டு முறை சொன்னாய். அந்தச் சத்தம் என்னவென்று முதல் முறையே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் வண்டியை ஓரங்கட்டி, நேற்று நான் செய்த வேலை சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உச்சிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன்னைப் பேசாமல் தூங்கச் சொல்லிவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

அம்மாவின் தோள் இன்றுவரை முழுதாக உயராததற்கு நான்தான் காரணம். மருத்துவமனையில், ‘அப்பா, அந்தச் சத்தம்’ என்று நீ தொடங்கியபோது நான் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நீ வாயை மூடிக்கொண்டாய். அதன்பிறகு வண்டியைப் பற்றி என்னிடம் நீ எதுவும் கேட்டதில்லை. நீ ஸ்பானரை எடுத்தபோதெல்லாம் நான் பிடுங்கிவைத்தேனே, பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று சொன்னேனே, அதற்கும் உண்மையில் இதுதான் காரணம். என் பக்கத்தில் உட்கார்ந்து நீ கற்றுக்கொண்டால், அன்றைக்கு நான் என்ன செய்யாமல் விட்டேன் என்பதையும் ஒருநாள் கற்றுக்கொள்வாய் என்று அஞ்சினேன். நீ என் துணையில்லாமல் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாய். இப்போது நான்கு பக்கமும் நீயே மாட்டி முடித்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாய் என்றால், அதில் உன் குற்றம் எதுவும் இல்லை. அம்மாவிடமும் இந்த வாரமே சொல்லிவிடுவேன்.

உனக்கு நல்ல காது. பத்து வயதில், ஓடும் காரின் பின்சீட்டில் இருந்துகொண்டு, தளர்ந்த ஒரு போல்ட்டின் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டவள் நீ. புறப்பட்டதும் கொஞ்ச தூரமாவது கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பாட்டு போடாமல் ஓட்டு. ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தாலும், உடன் இருப்பவர்கள் என்ன நினைத்தாலும், எத்தனை நேரம் தாமதமானாலும், ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கீழே பார். முதல் 100 கிலோமீட்டரில் இறுக்கி முடித்ததும் எனக்கு ஒரு போன் செய். எந்த போல்ட் எவ்வளவு திரும்பியது, எந்தப் பக்கம் என்று சொல். அம்மா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். சனிக்கிழமை காலை முழுவதும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா