வேலையை விடப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சொந்தத் தொழில் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். நான் பயமுறுத்துவேன் என்று நினைத்துத் தயங்கித் தயங்கி எழுதியது தெரிகிறது, ஆனால் எனக்குச் சந்தோஷம்தான். பல வருஷமாக அடுத்தவர்களின் தொழில் கணக்கை எழுதி வந்தவள் நான், ஒரு நல்ல தொழில் ஒரு குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தும் என்பதையும் பார்த்திருக்கிறேன், விற்பனை அமோகமாக நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தொழில் எப்படிப் பணமில்லாமல் தவிக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் நீ ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

முதலில் உன் சொந்தப் பணம். சம்பளத்தில் 10 சதவீதம் சேமிப்பவருக்கு ஒரு வருஷச் செலவுக்கான தொகை சேர 9 வருஷம் ஆகும். 25 சதவீதம் சேமித்தால் 3 வருஷம், பாதியைச் சேமித்தால் ஒரே வருஷம். வட்டி எதுவும் சேர்க்காத கணக்கு இது. சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியே இதில் வரவில்லை, கவனித்தாயா? சம்பளம் கூடிய மாதமே செலவையும் கூட்டிக்கொண்டவர்கள் எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும் அடுத்த மாதச் சம்பளத்தை எதிர்பார்த்தேதான் உட்கார்ந்திருப்பார்கள். பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லவோ, அவசரப்பட்டுக் கேட்ட விலைக்கு விற்காமல் பொறுத்திருக்கவோ அவர்களால் முடியாது. உனக்கு அந்தத் தைரியம் வேண்டும் என்பதுதான் என் ஆசை, பணக்காரி ஆவதெல்லாம் அப்புறம்.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் தொழிலுக்கு முன்னால் அதை முடித்துவிடு. மாதம் 3 சதவீத வட்டி என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும், கட்டாமல் விட்டால் இரண்டே வருஷத்தில் கடன் இரண்டு மடங்காகிவிடும். 72-ஐ வருஷ வட்டியால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். சேமிப்புக்கும் அதே கணக்குத்தான், வருஷம் 8 சதவீதம் வளர்ந்தால் 9 வருஷம்.

அப்புறம், தொழிலுக்கு உரிமையாளராக இருக்க நீயே கடை திறந்தாக வேண்டும் என்பதில்லை. 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்ற காலத்திலிருந்தே, தான் நடத்தாத தொழிலிலும் சாதாரண மனிதருக்குப் பங்கு கிடைத்து வருகிறது. 1976-இல் அமெரிக்கரான ஜான் போகிள் இன்டெக்ஸ் ஃபண்டை, அதாவது பங்குச்சந்தைக் குறியீட்டில் உள்ள கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் பொது முதலீட்டுத் திட்டத்தை, எல்லோருக்கும் கொண்டுவந்த பிறகு, சின்னத் தொகையிலேயே நூற்றுக்கணக்கான கம்பெனிகளில் பங்கு வைத்திருக்க முடிகிறது. அதில் கட்டணத்தை மட்டும் உற்றுப் பார். வருஷம் 10 சதவீதம் வளரும் பணம் 30 வருஷத்தில் 17 மடங்குக்கு மேல் ஆகும், அதிலிருந்து வருஷத்துக்கு 1 சதவீதம் கட்டணமாகப் போனால் 13 மடங்குதான் மிஞ்சும். நீ இதுவரை இப்படிச் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துத் தொழிலில் போடாதே. தொழில் தடுமாறினால் உன் வருமானமும் சேமிப்பும் ஒரே நேரத்தில் போய்விடும், அதைத் தாங்குவது ரொம்பக் கஷ்டம்.

சரி, தொழிலுக்கு வருகிறேன். லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு. ஒரு பொருளை 80-க்கு வாங்கி 100-க்கு விற்கிறாய் என்று வை. சரக்கு கொடுத்தவருக்கு 30 நாளில் பணம் கட்ட வேண்டும், உன்னிடம் வாங்கியவரோ 60 நாள் கழித்துத்தான் தருவார். நடுவில் இருக்கும் அந்த ஒரு மாதச் சரக்கின் விலை முழுவதையும் நீதான் உன் கையிலிருந்து போட்டு ஓட்ட வேண்டும். விற்பனை இரண்டு மடங்கானால் எல்லோரும் வாழ்த்துவார்கள், ஆனால் அப்படி மாட்டிக்கொள்ளும் தொகையும் இரண்டு மடங்காகிவிடும். வேகமாக வளர்ந்த தொழில்களே சம்பளம் கொடுக்க முடியாமல் முழிப்பது பெரும்பாலும் இதனால்தான். அதனால் பெரிய ஆர்டர் வந்தால் விலையைப் பேசுவதற்கு முன்னால் பணம் எப்போது வரும் என்பதைப் பேசு, முடிந்தால் முன்பணம் வாங்கு. கேட்பதற்குக் கூச்சப்படாதே.

விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதே. 75-க்கு வாங்கிய பொருளை 100-க்கு விற்றால் 25 நிற்கிறது. 10 குறைத்தால் நிற்பது 15. முன்பு கிடைத்த அதே தொகை கிடைக்க மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக விற்றாக வேண்டும், அவ்வளவு கூடுதல் உழைப்புக்கு உன்னிடம் ஆள் இருக்கிறதா?

உனக்கு ஒரு சம்பளம் வைத்துக்கொள். அதைக் கணக்கில் எழுதாமல் வருஷக் கடைசியில் லாபம் வந்தது என்றால் அது உன் கூலிதான், லாபமே இல்லை. தொழில் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒரே வங்கிக் கணக்கில் ஓடவே கூடாது, வரிக்கு ஒதுக்கும் பணமும் தனியாக இருக்கட்டும். பாதிக்கு மேல் வருமானம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், நீ ஒரு முதலாளியை விட்டு இன்னொரு முதலாளியிடம் போயிருக்கிறாய் என்றுதான் நான் சொல்வேன். நீ ஒரு மாதம் ஒதுங்கி இருந்தால் தொழில் தானாக நடக்குமா என்பதையும் வருஷா வருஷம் யோசித்துப் பார். முதல் வருஷம் நடக்காது, பரவாயில்லை. ஐந்தாவது வருஷமும் நடக்கவில்லையென்றால் வேலைகளை எழுதிவைத்து ஆட்களைப் பழக்கவில்லை என்று பொருள்.

கம்பெனியாகப் பதிவு செய்தால் கடன் உன்னைத் தொடாது என்று, உன்னோடு கூட்டுச் சேரும் உன் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறாய். பொதுவாக அது சரிதான், ஆனால் கடன் தருபவர்கள் பல சமயம் உன்னிடம் தனியாக ஒரு ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். அதைப் போட்டுவிட்டால் அந்தக் கடனுக்கு நீயும் பொறுப்பு, வீடு வரைக்கும் வரும்.

அவள் நல்ல பெண், எனக்கும் பிடிக்கும். இருந்தாலும் கூட்டு ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். யாருக்கு எத்தனை பங்கு, யார் என்ன வேலை என்பதோடு, ஒருத்தி விலக நினைத்தால் அவள் பங்குக்கு எப்படி விலை போடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். இருவரும் ஆசையாக இருக்கும் இப்போதே உட்கார்ந்து எழுதினால் அரை நாளில் முடிந்துவிடும்.

எழுதியதும் எனக்கு அனுப்பு, நான் வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன். கூடவே போன ஆறு மாத வீட்டுச் செலவையும் அனுப்பு, எத்தனை மாதம் சம்பளமில்லாமல் தாங்கும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
அம்மா