பெரிய வியாழனுக்கு முன் ஒரு வேண்டுகோள்: செட்டிநாட்டுப் பங்குப் பேரவைகளுக்குத் திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் திருவிழாக் குழுவினருக்கும்,

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க.

தவக்காலம் தொடங்கிவிட்டது. பெரிய வியாழன் மாலை, இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துச் செய்யும் பாதம் கழுவும் சடங்குக்காகப் பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள் போடுவீர்கள். யார் யார் உட்காருவது என்ற பட்டியல் பல ஊர்களில் இப்போதே முடிவாகியிருக்கும். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

பட்டியல் எப்படித் தயாராகிறது என்று நமக்குத் தெரியும். திருவிழாவுக்குப் பெரிய தொகை தந்தவர், மண்டகப்படிக்காரர், முன்னாள் செயலர், அவருடைய சம்பந்தி. எங்கள் பங்கில் போன வருடப் பட்டியலையே எடுத்து, காலமானவர் இடத்தில் அவர் மகன் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். சீடராகும் உரிமை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்ததாக நற்செய்தியில் நான் எங்கும் படித்ததில்லை.

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிகிறார். புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அந்தக் காலத்தில் வேலைக்காரர் செய்கிற வேலை. நம் கோவிலில் அன்று உட்காருகிறவர்களோ வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, புது வேட்டி கட்டி வருகிறார்கள். ஃபாதர் கழுவுவதற்கு அந்தக் காலில் ஒன்றும் மிச்சமில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே வந்த பெரிய வியாழனன்று, ரோமில் உள்ள சிறார் சிறைக்குப் போய் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். 2016இல் திருவழிபாட்டு விதியே திருத்தப்பட்டு, இறைமக்களில் எவரையும், பெண்களையும்கூட, இந்தச் சடங்குக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. எங்கள் பங்கில் அந்தத் திருத்தம் வந்த சுவடே இல்லை. பெண்களுக்கு அன்றைய வேலை, ஈரமான துண்டுகளை வாங்கிப் பிழிந்து காயப்போடுவது.

இந்த ஆண்டு கோவிலைப் பெருக்கும் அக்காவை உட்காரவைக்கலாம். கல்லறையில் குழி வெட்டுகிறவரை, சித்தாள் வேலைக்குப் போய்ப் பித்தவெடிப்போடு நிற்கிற அம்மாவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் போதும், "இவர் துப்புரவுத் தொழிலாளி" என்று மைக்கில் அறிவித்து, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அது நம் தாழ்மையை நாமே விளம்பரம் செய்வதாகும், அதற்குப் பழைய பட்டியலே தேவலை.

குருத்து ஞாயிறன்று பிலிப்பியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கிறோம். கடவுள் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் வடிவை ஏற்று, சிலுவைச் சாவு வரை கீழ்ப்படிந்தார் என்கிறது. வாசித்து முடித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லி அமர்கிறோம். பிறகு திருவிழா நோட்டீசில் யார் பெயர் முதலில், யார் பெயர் கொட்டை எழுத்தில் என்று சண்டை போடுகிறோம். பெயர் இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டது என்று கொடியிறக்கம் வரை கோவில் பக்கமே வராத குடும்பங்கள் எத்தனை ஊரில் இல்லை?

இத்தனைக்கும் நம் மண்ணின் பழக்கம் வேறு. செட்டிநாட்டில் கல்யாண வீட்டுக்காரர் முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டால் ஊர் சிரிக்கும். கடைசிப் பந்தி எழும்வரை, இலை இலையாகப் போய் "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கவனிப்பவர்தான் வீட்டுக்காரர். விருந்தில் முதன்மை இடம் தேடாதே, கடைசி இடத்தில் போய் உட்கார் என்று லூக்கா 14இல் ஆண்டவர் சொன்னதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வளவுக்குள் தெரிந்த மரியாதை கோவில் வாசலில் ஏன் மறந்துபோகிறது?

கீழ்ப்படிதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் "சரிங்க ஃபாதர்" என்று எல்லாத் தலையும் ஆடும். வெளியே வந்து டீக்கடையில் நின்று வேறு தீர்மானம் போடுவோம். மத்தேயு 21இல் "போகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போகாத மகன் நம் பேரவைகளில் நிரந்தர உறுப்பினர். இதில் வேடிக்கை, கீழ்ப்படிய வேண்டும் என்று இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் புத்தி சொல்வதும் நாம்தான்.

ஓரியூர் நமக்கு எட்டிய தூரம். அங்கே போய்ச் செம்மண்ணை எடுத்து வந்து வீட்டில் வைக்கிறோம். அந்த மண்ணில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர், சிறுவயதில் அரண்மனையில் வளர்ந்தவர். இங்கே இயேசு சபைக் குருவாக வந்தபோது, எல்லாச் சாதியாரோடும் பழகும் துறவியான பண்டாரசாமியின் கோலத்தைத் தேர்ந்தார். அவருக்கு முன் மதுரையில் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி ஏற்ற பிராமணத் துறவியின் கோலத்தில் தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் புழங்க முடியாது. பண்டாரசாமிக்கு எல்லார் வீட்டு வாசலும் திறந்திருந்தது. உடையையே அந்தக் கணக்குப் பார்த்து மாற்றியவர் அவர். சபைத் தலைமை ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது போனார். அங்கே போர்த்துகல் அரசர் தம்மோடு தங்கச் சொன்னபோது மறுத்துவிட்டு, 1690இல் இந்தியாவுக்குத் திரும்பினார். மறவர் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் தடையையும் அவர் ஏற்கவில்லை. யாருக்குப் பணிவது, யாருக்குப் பணியாமல் இருப்பது என்ற தெளிவு அவருக்கு இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர் முகம் சுளித்தால் பேரவைத் தீர்மானத்தையே மாற்றுகிற நாம், அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம்.

அவருடைய மண்ணுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, சப்பரம் காலனித் தெரு முனையோடு திரும்பிவிடுகிற வழக்கத்தை வைத்திருக்கிறோமே, அதற்கு என்ன பதில்? கேட்டால் "மின்கம்பி தாழ்வா இருக்கு, சப்பரம் தட்டும்" என்கிறீர்கள். மற்றத் தெருக்களில் கம்பி வந்தால் கவட்டைக் கம்பால் தூக்கிப் பிடிக்க ஆள் இருக்கிறது. சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. உச்சரிக்காமலே வேலை நடந்துவிடுகிறது.

பெயர் வரிசையே இல்லாத நோட்டீஸ் ஒன்றை இந்த வருடம் அடித்துப் பாருங்கள். திருப்பலி நேரமும் நவநாள் நிகழ்ச்சியும் இருந்தால் மக்களுக்குப் போதும். நன்கொடைக் கணக்கைக் கோவில் பலகையில் ஒட்டுங்கள், அது கணக்கு, அதில் பெயர் இருக்கத்தான் வேண்டும்.

கம்பியை உயர்த்திக் கட்ட மின்வாரியத்துக்கு ஒரு மனு போதும். நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் பேரவைத் தலைவரும் செயலரும் போட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு ஒன்றின் அன்பிய (சிறு கிறிஸ்தவக் குழு) பொறுப்பாளர்