தண்ணீர் அதிகம் என்று சொன்ன மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

நீ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து பத்து நாளாகிறது. இதை வாட்ஸப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்ஸ் மெசேஜ் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் நீ கேட்பதில்லை என்று உன் அம்மாவே போட்டுக் கொடுத்துவிட்டாள். அதனால் இங்கே எழுதுகிறேன். என் வயசுக்காரர்கள் நாலு பேர் படிப்பார்கள், அதில் இரண்டு பேராவது எனக்காகப் பரிந்து பேசுவார்கள்.

மே மாதம் ஒரு மத்தியானம், பாம்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில், பிராணிகளைப் பிடித்துப் பழக்கிச் சண்டைக்கு விடும் போக்கிமான் விளையாட்டுகளில் ஒன்றான ஆல்ஃபா சஃபையரை ஆடிக்கொண்டிருந்தாய். தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தன. தென்கடல் பக்கமிருந்து கச்சான் காற்று அடித்து மணலை வாசல் வரைக்கும் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய்: "என்ன மாமா, எங்க போனாலும் ஒரே தண்ணியா இருக்கு."

மீன் அலசிக்கொண்டிருந்த அம்மாச்சி, "இவளுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்காக்கும்" என்றது.

இதைச் சொன்ன முதல் ஆள் நீ இல்லை. பழைய சஃபையர் விளையாட்டைப் புதிதாகச் செய்த இந்த ரீமேக் 2014 நவம்பரில் வந்தபோது ஐஜிஎன் என்ற விளையாட்டு விமர்சனத் தளம் 10-க்கு 7.8 மதிப்பெண் கொடுத்து, குறைகளில் ஒன்றாகத் 'தண்ணீர் அதிகம்' என்று எழுதியது. இணையம் வருஷக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வடக்கே நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல், நடுவில் ஒரு ரோடும் ஒரு தண்டவாளமும் என்று இருக்கிற ஊர்க்காரன் வேறு என்ன செய்வான்? ஆனால் நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நீயும் அந்த விமர்சகரும் சொன்னது ஒரு வகையில் சரிதான். அந்த விளையாட்டின் பின்பாதி முழுக்கக் கடல். பத்துத் துடுப்பு போவதற்குள் டென்டகூல் என்ற ஒரு சொறிமீன் வந்து வழிமறிக்கும். நிஜக் கடலில் வலை நிறையச் சொறி ஏறினால் நம் ஆட்கள் என்ன வார்த்தை சொல்வார்களோ, அதே வார்த்தையை நானும் சின்ன வயதில் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

மூலமான சஃபையர் 2002-ல் ஜப்பானில் வந்தது, கேம்பாய் அட்வான்ஸ் என்ற பழைய கையடக்கக் கருவிக்கு. எனக்குக் கிடைத்தது 2004-ல். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தார். நம் தெருவிலேயே அது ஒன்றுதான். என் கூட்டாளிகள் ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், கேம்பாய் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில் ஃபயர்ரெட் என்ற இன்னொரு போக்கிமான் ஆடுவார்கள். ஸ்பேஸ் பாரை அமுக்கினால் எல்லாம் பறக்கும், மணிக்கணக்கு வேலை நிமிடத்தில் முடியும். (ஃபயர்ரெட்டும் ஒரு ரீமேக்தான், 1996-ல் வந்த ரெட்டுக்கு 2004-ல் செய்தது. அது அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.) என்னிடம் ஸ்பேஸ் பார் கிடையாது. இரண்டு பென்சில் பேட்டரி, திரைக்குப் பின்னால் வெளிச்சம் கிடையாது. பகலில் திண்ணையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், ராத்திரி டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஆடியதைவிடச் சாய்த்ததுதான் அதிகம்.

அந்த விளையாட்டில் ஆரம்பத்தில் உனக்குக் கடல் கிடையாது. கடல்காக்கா வளர்க்கும் பிரைனி என்ற கிழவர் தன் படகில் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு. ஊருக்கு ஊர் இருக்கும் ஜிம் என்ற சண்டைக்கூடங்களில் ஐந்தாவதில் சொந்த அப்பாவைத் தோற்கடித்த பிறகுதான் நீயாகத் தண்ணீரில் இறங்க முடியும். அதுவரை ஒவ்வொரு கரையிலும் நின்று எதிரில் தெரியும் திட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இறங்கின அன்று எனக்கு ஏற்பட்ட பயம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே நீலம், வரைபடத்தில் ஒரு புள்ளி, பிராணிகள் கிட்டே வராமலிருக்க அடிக்கும் ரிப்பெல் தீர்ந்துவிட்டது. தமிழ் மீடியம் ஏழாம் வகுப்பில் 'ரிப்பெல்' என்றால் விரட்டுவது என்று தெரிந்த ஒரே பையன் நான்தான்.

அப்புறம் முக்குளிப்பது. கடலில் அங்கங்கே கருநீலத் திட்டுகள் இருக்கும், அதன்மேல் நின்றால் கீழே இறங்கலாம். அடியில் நெருக்கமாகப் பாசி, அதற்குள் கிளாம்பெர்ல் என்ற சிப்பி. சூட்டோபொலிஸ் என்ற ஊருக்கு ரோடே கிடையாது, சுற்றிலும் எரிமலைச் சுவர். அடியில் முக்குளித்து உள்ளே போய் எழும்பினால்தான் ஊர். இதை நான் அம்மாச்சியிடம் காட்டினேன். சின்னப்பாலம் ஊர்ப் பக்கம் பெண்கள் விரலில் துணி சுற்றி, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு பாசி எடுக்க இறங்குவதைப் பார்த்துப் பழகிய மனுஷி அது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போடாம எப்புடி இறங்குறான் இவன், கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டது. அந்த விளையாட்டைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

உன் ஆல்ஃபா சஃபையருக்கு வருகிறேன். அதில் நல்லது இல்லாமல் இல்லை. புல்லுக்குள் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, குச்சியை லேசாகத் தள்ளிப் பூனை மாதிரிப் போய்ப் பிடிப்பாயே, அது பழையதில் இல்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நண்டு பிடிக்கப் போகிறவனுக்குத் தெரியும், சத்தம் கேட்டால் வளைக்குள் ஓடிவிடும். பழையதில் வெறும் உடைந்த கப்பலாகக் கிடந்த இடத்தைக் கடலுக்கு நடுவே கைவிடப்பட்ட ஒரு ஆலையாக மாற்றியதும் நல்ல யோசனைதான். ஒருத்தன் சண்டை போட்டால் கூட்டத்துக்கே அனுபவம் ஏறுகிற ஏற்பாடு மட்டும் எனக்குச் சரிப்படவில்லை. வலை இழுக்காதவனுக்கும் பங்கு.

என் வழக்கு அந்தப் புல்லாங்குழல் மேல். கையோகர் என்ற கடல் பூதத்தின் விவகாரம் முடிந்ததும் ஒரு குழலைக் கையில் கொடுக்கிறார்கள். ஊதினால் பறவை மாதிரி ஒன்று வருகிறது, ஏறி உட்கார்ந்து வானத்தில் போகலாம். நீ அதற்கப்புறம் கடலில் இறங்கவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேலேயிருந்து பார்த்தால் கடல் ஒரு நீலப் பாய். நான் பென்சில் பேட்டரி மாற்றி மாற்றிக் கடந்த தூரத்தை நீ அரை நிமிடத்தில் தாண்டினாய். அப்புறமும் தண்ணீர் அதிகம் என்கிறாய்! செய்தவர்களுக்கும் தண்ணீர் அதிகம் என்றுதான் பட்டிருக்கிறது. ஆனால் தண்ணீரைக் குறைக்க மனசு வரவில்லை. நிலமா கடலா என்று அடித்துக்கொள்கிற கதையில் கடலைக் குறைத்தால் கதையே இல்லை. அதனால் கடலை அப்படியே வைத்துவிட்டு அதைத் தாண்டிப் போக ஒரு வழி வைத்தார்கள். டென்டகூலைக் குறைத்திருந்தாலே போதும் என்பது என் கட்சி.

நீ ரயிலில் வந்தபோது புதுப் பாலத்தைத் தாண்டி வந்தாய். போனைப் பார்த்துக்கொண்டே, "பாலம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டாயாம், அக்கா சொல்லிச் சிரித்தாள். பழையது 1914-ல் திறந்தது. கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் நெம்பித்தான் நடுத் தூக்கைத் திறப்பார்கள். 1964 புயலில் பாலம் சிதைந்து, 46 நாளில் திரும்பக் கட்டினார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டாரில் 17 மீட்டர் நேராக மேலே ஏறுகிறது. பழைய பாலத்தில் ரயில் மாட்டுவண்டி மாதிரி ஊரும். படியில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே நேராகத் தண்ணீர், பெட்டியே சத்தமில்லாமல் போய்விடும். அதற்காகப் பழைய பாலமே வேண்டும் என்று நான் சொல்வேனா? பாலம் அக்கரை போய்ச் சேர்வதற்கு. விளையாட்டு எங்கே போய்ச் சேர்வதற்கு என்பதில்தான் எனக்கும் அந்தப் புல்லாங்குழல்காரர்களுக்கும் தகராறு.

இதற்கு நேர் எதிராகவும் செய்து பார்த்தார்கள். 2021-ல் டயமண்ட், பேர்ல் என்ற பழைய போக்கிமான் இரண்டையும் இல்கா என்ற நிறுவனத்திடம் கொடுத்து ஸ்விட்ச் என்ற புதிய கருவிக்காக ரீமேக் செய்தார்கள். 2006-ன் கட்டம் கட்டமான தரை அப்படியே, ஆட்களும் பொம்மை மாதிரிக் குட்டையாக அப்படியே. எதையும் தொடாமல் பெயின்ட் அடித்தது போல் இருந்தது. எனக்குப் பாதியில் தூக்கம் வந்துவிட்டது. நடுவில் நிற்பது 2009-ல் வந்த ஹார்ட்கோல்ட், பழைய கோல்டின் ரீமேக். நீ பிடித்தது உன் பின்னாலேயே நடந்து வரும், அதைத் தனியாக ஒரு குட்டிக் கருவியில் ஏற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு நிஜமாகவே நடக்கலாம். ஊர் சுற்றுவதுதான் இந்த விளையாட்டு என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த தடவை வரும்போது அதைத் தருகிறேன்.

(இந்த வரிசையில் டியூகாங் என்று ஒன்று உண்டு, பெயர் மட்டும் கடற்பசுவுடையது. பார்த்தால் வெள்ளைக் கடல்சிங்கம். ஆவுளியாவை, அதாவது நிஜக் கடற்பசுவை, ஒரு தடவை பார்த்த நம் ஊர்க்காரர் யாரிடமும் இதைக் காட்டிவிடாதே.)

நீ போன பிறகு ஒரு காரியம் செய்தேன். பழைய சஃபையரைத் தேடி எடுத்தேன். நான் காலேஜ் படிக்கும்போதே அதன் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடும்: உள்ளே பேட்டரி தீர்ந்தது, விளையாடலாம், ஆனால் கடிகாரத்தை நம்பி நடப்பவை இனி நடக்காது. சேமித்தது அழியாது, அது வேறு இடத்தில் இருக்கிறது. ஆனால் நட்ட பழம் வளராது. ஷோல் குகையில் தண்ணீர் ஏறாது, இறங்காது.

அந்தக் குகைதான் எனக்கு அதில் உயிர். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஏறும், வற்றும். வற்றினால் நடந்து போகிற இடம் வேறு, ஏறினால் நீந்திப் போகிற இடம் வேறு. நாலு உப்பும் நாலு சிப்பியும் பொறுக்கிக் கொடுத்தால் உள்ளே ஒரு பெரியவர் மணி செய்து தருவார். இதைப் பார்த்துவிட்டு நான் நம் கடற்கரையில் குச்சி நட்டு அளந்தேன். நம் பக்கம் ஏற்றம் ரொம்பப் பெரிது இல்லை, ஆனாலும் நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போனது. குகையில் தினமும் அதே நேரம். தாத்தாவிடம் போய்க் கேட்டேன். வலை பொத்திக்கொண்டே, "அந்த ஊர்ல நெலா கெடையாது போல" என்றார்.

போன வாரம் அந்தக் கேட்ரிட்ஜை, அதாவது விளையாட்டு இருக்கும் சின்ன டப்பாவை, திறந்தேன். மூன்று இதழ் வைத்த திருகு, நம் டிரைவர் எதுவும் சேராது. பேனாவின் பின்முனையை நெருப்பில் காட்டி இளக்கி, திருகின் மேல் அழுத்தி ஆறவைத்தால் அதே வடிவத்தில் சாவி. உள்ளே சிஆர் 1616 செல், ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று எதைத்தான் விட்டது? முதலில் காட்டிய கடையில் புது செல்லை வைத்து டேப் ஒட்டிக் கொடுத்தார்கள், மண்டபம் ஊரைத் தாண்டுவதற்குள் கழன்றுவிட்டது. இரண்டாவது ஒருவர் ஒழுங்காக ஈயம் வைத்துப் பற்றவைத்தார். வீட்டுக்கு வந்து போட்டேன். அந்த எச்சரிக்கை வரவில்லை.

பையன் பசிஃபிட்லாக் ஊரில் நிற்கிறான். கடலுக்கு நடுவே மரக்கட்டைகளின் மேல் மிதக்கிற ஊர், காலடியில் கட்டை முங்கி முங்கி எழும்புகிறது. எத்தனையோ வருஷமாக அங்கேயே நிற்கிறான். குகை அங்கிருந்து வெகு தூரம், கடல் வழியாகத்தான் போக வேண்டும், பறக்கிற வித்தையை நான் யாருக்கும் கற்றுத்தரவில்லை. நான் இன்னும் போகவில்லை. தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று காலாண்டு லீவில் நீ வந்த பிறகு பார்ப்போம். துடுப்பு நீ போடு, டென்டகூலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வரும்போது 3டிஎஸ் சார்ஜரை மறக்காமல் எடுத்து வா. அது உன் பையில்தான் போயிருக்கிறது.

அன்புடன்,
மாமா